வாகனமும் ஓர் அமானத்: புதிதாக மோட்டார் சைக்கிள் ஓட்டும் வாலிபர்களுக்கு

(பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடித்த நம் மஹல்லா வாலிபர்களுக்காக, பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பின் நடைபெற்ற சிறப்புக் கூட்டத்தில் பேஷ் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

மிம்பரில் நின்று தொழுகையைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் பேசும் இமாம், இன்று மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இந்தத் தலைப்பை நிர்வாகம் எனக்குத் தரவில்லை. நானே கேட்டுப் பெற்றுக்கொண்டேன். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த பத்தொன்பது வயது வாலிபர் ஒருவருக்கு ஜனாஸா தொழவைத்தேன். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. மூத்தவர்கள் அறிவீர்கள். மக்தபில் என்னிடம் அலிஃப், பே படித்த பிள்ளை. சாமான் வாங்கப் போய்விட்டுப் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று தாயிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தவர். உடலில் பெரிய காயம் ஏதுமில்லை. தலையில் மட்டும்தான் அடி. குளிப்பாட்டும்போது என் கைகள் நடுங்கின. எல்லாம் முடிந்து கப்ருஸ்தானிலிருந்து திரும்பும் வழியில் அவருடைய தந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஹழ்ரத், வண்டி வாங்கிய அன்றே ஹெல்மெட்டும் நான்தான் வாங்கினேன். அது ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு போ என்று ஒரு நாளும் நான் கண்டித்துச் சொல்லவில்லை."

அந்தத் தந்தைக்கு நான் என்ன ஆறுதல் சொல்ல முடியும்? அல்லாஹ்வின் நாட்டம் என்று சொன்னேன். அது உண்மைதான். ஆயினும் வீட்டுக்கு வந்த பிறகு என் மனம் என்னையே கேட்டது: நீ ஒரு நாளாவது சொன்னாயா? அந்தப் பிள்ளைக்கு ஒளுவின் பர்ளுகளைக் கற்றுக்கொடுத்தாய். சாலையில் அவன் மீதுள்ள கடமைகளைச் சொல்லிக் கொடுத்தாயா? அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்று நான் பேசுவது அந்தக் கடனைத் தீர்ப்பதற்காகத்தான்.

என் குறையை முதலில் சொல்கிறேன்

மற்றவருக்கு உபதேசிப்பவன் தன் குறையை மறைக்கக்கூடாது. மதரஸாவில் ஓதி முடித்து இமாமத்துக்கு வந்த நாளிலிருந்து பல ஆண்டுகள் நானும் ஒரு பழைய மொபெட் ஓட்டினேன். ஓட்டுநர் உரிமம் இல்லை. தொப்பியும் ஜிப்பாவும் அணிந்திருப்பதால் யாரும் நிறுத்திக் கேட்கவும் இல்லை. ஒரு நாள் மக்தப் வகுப்பில் அமானத்தைப் பற்றியும் வாக்குறுதியைப் பற்றியும் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு சிறுவன் எழுந்து, "உஸ்தாத், உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டான். வகுப்பில் சிரிப்பொலி. எனக்கோ தலை குனிந்தது.

அடுத்த வாரமே விண்ணப்பித்தேன். நாற்பது வயதைக் கடந்தவன் என்பதால் மருத்துவரின் சான்றிதழும் கேட்டார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றேன். எட்டுப் போடும்போது முதல் தடவை காலை ஊன்றிவிட்டேன். திரும்ப ஒரு நாள் வரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பழகினேன். அந்த ஒரு வாரத்தில்தான், இத்தனை ஆண்டுகளாக நான் வண்டியை ஓட்டவில்லை, வண்டி போன போக்கில் நான் போயிருக்கிறேன் என்பதே எனக்குப் புரிந்தது.

களா கதரும் நம் கடமையும்

"மவுத்து எழுதியிருந்தால் ஹெல்மெட் போட்டாலும் வரும்" என்று நம்மில் பலர் சொல்வதைக் கேட்கிறோம். களா கதரை நம்புவது ஈமானின் ஓர் அங்கம். ஆனால் அந்த நம்பிக்கையைக் காட்டிக் கவனக்குறைவை நியாயப்படுத்துவதற்கு மார்க்கத்தில் இடமில்லை. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டலாமா என்று கேட்டவருக்கு, முதலில் அதைக் கட்டு, பிறகு தவக்குல் வை என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தியை நாம் அனைவரும் அறிவோம். நோய் வந்தால் மருந்து உண்கிறோம். வீட்டுக்குப் பூட்டுப் போடுகிறோம். சாலையில் மட்டும் ஏன் நம் தவக்குல் திடீரென இவ்வளவு உயர்ந்துவிடுகிறது?

உடலும் உயிரும் நமக்குச் சொந்தமானவை அல்ல. அவை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். எதிரில் நடந்து வரும் மனிதரின் உயிரும் அவ்வாறே. தவறுதலாக ஓர் உயிரைக் கொன்றவர் மீதும் ஃபிக்ஹ் சட்டம் இரண்டு பொறுப்புகளைச் சுமத்துகிறது. குடும்பத்தாருக்குரிய நஷ்ட ஈடு ஒன்று. கஃப்பாரா மற்றொன்று. இன்று அந்தக் கஃப்பாரா தொடர்ந்து இரண்டு மாத நோன்பாகும். வேண்டுமென்று செய்யவில்லை என்பதால் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளுங்கள்.

உரிமம் பெறும் முறை

பிள்ளைகளே, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்டப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். "கியர் இல்லாத வண்டியைப் பதினாறு வயதில் ஓட்டலாம்" என்று ஒரு தவறான எண்ணம் நம்மிடம் பரவியுள்ளது. சட்டம் பதினாறு வயதில் அனுமதிப்பது 50 சிசி-க்கு மேற்படாத வண்டியை மட்டுமே. அதற்கும் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு உரிமம் பெற வேண்டும். இன்று கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110 அல்லது 125 சிசி. மொபெட்டும்கூட 100 சிசி-யாகிவிட்டது. ஆகவே பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுப்பது சட்டப்படி குற்றம்.

அந்தக் குற்றத்தின் கனம் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2019-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, வயது நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் தந்தை அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது. உரிமமின்றி ஓட்டுவதற்கு அபராதம் 5,000 ரூபாய்.

முதலில் எல்.எல்.ஆர். என்று நாம் சொல்லும் பழகுநர் உரிமத்தைப் பெற வேண்டும். இணையவழியில் விண்ணப்பிக்கலாம். சாலைக் குறியீடுகள், போக்குவரத்து விதிகள் பற்றிய தேர்வு நடைபெறும். விடைகளை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். சிவப்பு வட்டம் தடையைக் குறிக்கும். சிவப்பு முக்கோணம் எச்சரிக்கையைக் குறிக்கும். நீல வட்டம் கட்டாயம் செய்ய வேண்டியதைக் குறிக்கும். இந்த மூன்றின் பொருளையும் விளங்கிக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

பழகுநர் உரிமம் ஆறு மாதங்களுக்குச் செல்லும். அதைப் பெற்று முப்பது நாட்கள் கழிந்த பிறகே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல முடியும். அந்த முப்பது நாட்கள் காத்திருப்பதற்காக அல்ல, பழகுவதற்காகத் தரப்பட்டவை. அந்தக் காலத்தில் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு நிற 'எல்' எழுத்து இருக்க வேண்டும். உரிமம் பெற்ற ஒருவர் கற்றுக்கொடுப்பதற்காகப் பின்னால் அமரலாமே தவிர, நண்பர்களையோ தங்கையையோ ஏற்றிச் செல்லக்கூடாது.

எட்டுப் போடுவதைச் சிலர் வெறும் சடங்காக நினைக்கிறார்கள். வேகமில்லாதபோது வண்டியைச் சமநிலையில் வைப்பதுதான் கடினம். கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை மெதுவாக மிதித்து, முன் சக்கரத்தைப் பார்க்காமல் போகவேண்டிய இடத்தைப் பார்த்துத் திருப்பக் கற்றவருக்கு நெரிசலில் வண்டி கைக்குள் இருக்கும். ஆகவே இடைத்தரகருக்குப் பணம் கொடுத்து, தேர்வில் தேறாமலே உரிமம் வாங்க எண்ணாதீர்கள். லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் ஹராம். அத்தோடு, தெரியாத வித்தையைத் தெரியும் என்று காகிதத்தில் எழுதி வாங்குவது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வதாகும்.

புறப்படும் முன்

தொழுகைக்கு முன் ஒளு இருப்பதுபோல, பயணத்திற்கு முன்னும் ஓர் ஆயத்தம் இருக்கிறது. வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதை ஓதும் முன் ஒரு நிமிடம் வண்டியைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு டயர்களிலும் காற்று இருக்கிறதா? டயரின் வரிகள் தேய்ந்துபோகாமல் இருக்கின்றனவா? இரண்டு பிரேக்குகளும் பிடிக்கின்றனவா? சங்கிலி தளர்ந்து தொங்குகிறதா? முன் விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன் வேலை செய்கின்றனவா? பின்னோக்குக் கண்ணாடிகள் இருக்கின்றனவா? அழகுக்காகக் கண்ணாடியைக் கழற்றி எறியும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். முதுகில் கண் இல்லாத மனிதனுக்கு அந்தக் கண்ணாடிதான் கண். கடைசியாக, சைடு ஸ்டாண்டை எடுத்தாயிற்றா என்று பாருங்கள். அதை மறந்தால் இடப்புறம் திரும்பும்போது அது தரையில் இடித்து வண்டியைக் கவிழ்த்துவிடும்.

வேகமும் பிரேக்கும்

இங்கே ஒரு சிறு கணக்கைக் கவனியுங்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர், அதாவது 55 அடி தூரம் போய்விடும். எதிரில் ஒரு குழந்தை குறுக்கே ஓடுவதைக் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்கவே ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். அந்த 55 அடியும் பிரேக் பிடிக்காமலே போகும். அதன் பிறகு, காய்ந்த நல்ல சாலையில், இரண்டு பிரேக்குகளையும் முறையாகப் பிடித்தாலும் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர் அளவில் தேவை. மொத்தம் 120 அடி. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இதே வண்டி மொத்தம் 45 அடிக்குள் நின்றுவிடும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. மோதலின் வலுவும் நான்கு மடங்காகிறது. வீடும் கடையும் பள்ளிக்கூடமும் உள்ள தெருவில் முப்பதுக்கு மேல் ஏன் போகக்கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

நம் பிள்ளைகள் பலர் முன் பிரேக்கைத் தொடவே அஞ்சுகிறார்கள். "முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். உண்மை என்னவென்றால், வண்டி நிற்கும்போது பாரம் முன் சக்கரத்திற்கு மாறுகிறது. ஆகவே நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் சுழலாமல் இழுபட்டு வண்டி பக்கவாட்டில் சறுக்கும். இரண்டையும் சேர்த்து, வெடுக்கென்று பிடிக்காமல், எலுமிச்சம் பழத்தைப் பிழிவதுபோல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வண்டி சாய்ந்திருக்கும்போது பிரேக்கை அழுத்தாதீர்கள்.

2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் வண்டிகளில் 125 சிசி வரை உள்ளவற்றில் இரண்டு பிரேக்குகளும் இணைந்து செயல்படும் அமைப்போ, அதற்கு மேற்பட்டவற்றில் சக்கரம் இறுகாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்போ கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அது நல்ல உதவிதான். ஆனால் வழுக்கும் தரையையோ போதாத தூரத்தையோ எந்த இயந்திரமும் மாற்றிவிட முடியாது.

மழை நாட்களைப் பற்றி ஒரு சொல். வடகிழக்குப் பருவமழையின் முதல் தூறல்தான் மிகவும் ஆபத்தானது. பல நாட்களாகச் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து சோப்பு நுரையைப் போல் வழுக்கும். லாரிகளிலிருந்து சிந்தும் மண்ணும் கரித்தூளும் நனைந்தாலும் அப்படியே. அப்போது வேகத்தைப் பாதியாகக் குறைத்து, இடைவெளியை இரு மடங்காக்குங்கள்.

நகரியச் சாலையும் நெடுஞ்சாலையும்

நம் ஊரின் அமைப்பையும் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். 1956-இல் தொடங்கப்பட்ட நிலக்கரி நிறுவனத்தின் பணிக்காகப் பல ஊர்களிலிருந்தும் வந்து குடியேறியவர்களால் நிறைந்த பகுதி இது. ஒருபுறம் நெய்வேலி நகரியம். அங்கே திட்டமிட்டு அமைத்த அகன்ற, நேரான, மரநிழல் சாலைகள். மறுபுறம் விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, வடலூர் வழியாகக் கும்பகோணம், தஞ்சாவூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை. நம் பிள்ளைகள் நகரியச் சாலையில் வண்டி பழகுகிறார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கேதான் தவறு நிகழ்கிறது. அந்தச் சாலை சென்னைப் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் விரையும் சாலை. அங்கே இரு சக்கர வாகனம்தான் மிகவும் பலவீனமான படைப்பு.

ஆகவே சில ஒழுங்குகளைக் கூறுகிறேன். தெருவிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறும்போது முழுமையாக நின்று, வலம், இடம், மீண்டும் வலம் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். பிரதான சாலையில் வருபவருக்கே முன்னுரிமை. முன்னால் செல்லும் வாகனம் ஒரு மரத்தைக் கடந்த பிறகு, நிதானமாக இரண்டு முறை சுப்ஹானல்லாஹ் சொல்லி முடித்த பின்பே நீங்கள் அந்த மரத்தை அடைய வேண்டும். அந்த இடைவெளி எப்போதும் இருக்கட்டும். லாரியின் இடப்புறமாக நுழையாதீர்கள். அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்று பொருள். வலப்புறம் திரும்பும் முன் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் பார்த்து, தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பியும் பார்த்துவிடுங்கள். சுற்றிப் போக வேண்டியிருக்கிறதே என்று எதிர்த்திசையில் ஓட்டாதீர்கள். இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்த எதிரில் வருபவரின் உயிரைப் பணயம் வைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

அறுவடைக் காலத்தில் சாலையில் நெல்லைக் காயவைப்பார்கள். இரவில் விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டரும் லாரியும் இருக்கும். மாடுகள் படுத்திருக்கும். உங்கள் முன் விளக்கு காட்டும் தூரத்திற்குள் வண்டியை நிறுத்தக்கூடிய வேகமே இரவில் சரியான வேகம்.

இரவுப் பணி முடித்து விடியற்காலையில் திரும்பும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தூக்கம் வரும்போது வண்டி ஓட்டாதீர்கள். கண் இமை கனத்தால் ஓரமாக நிறுத்தி முகம் கழுவி, முடிந்தால் சிறிது படுத்து எழுந்து வாருங்கள். நமக்கு மது ஹராம் என்பதால் அந்தப் பகுதி நமக்குரியதல்ல என்று கடந்துவிடுகிறோம். ஆனால் சளிக்கும் ஒவ்வாமைக்கும் தரும் சில மாத்திரைகளும் மயக்கத்தைத் தரும். மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைக்கவசம்

2015 ஜூலை முதல் தமிழ்நாட்டில் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், அப்போது கடைகளில் நின்ற கூட்டமும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வேகம் சில மாதங்களில் தணிந்துவிட்டது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் அமர்ந்திருந்தவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள்.

தலைக்கவசத்தின் வெளி ஓடு உறுதியானது. உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற பகுதிதான் அடியைத் தாங்கி, தான் நசுங்கி, மண்டையோட்டைக் காக்கிறது. ஆகவே ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணியாதீர்கள். ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தலையை ஆட்டினால் கவசம் தனியாக ஆடக்கூடாது. தாடைப் பட்டையை மாட்டாத கவசம், விழும்போது நமக்கு முன்னால் பறந்துபோய்விடும். பெட்ரோல் டாங்கின் மேலும் முழங்கையிலும் மாட்டிச் செல்வதால் பயனேதுமில்லை. தொப்பி அணிபவர்கள் மெல்லிய துணித் தொப்பியை அணிந்து அதன் மேல் கவசத்தை அணியலாம். தடித்த தொப்பியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் அமர்பவர்கள்

தாய்மார்களே, இது உங்களுக்கும் உரியது. புர்கா, துப்பட்டா, சேலை முந்தானை ஆகியவை சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கினால் நொடியில் இழுத்துக் கீழே தள்ளிவிடும். அமர்ந்தவுடன் துணியைச் சேர்த்து மடியில் அடக்கிக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தின் பாதிப் பகுதியையாவது மறைக்கும் தடுப்பு, கைப்பிடி, கால் வைக்கும் மிதி ஆகியவை ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அழகில்லை என்று அந்தத் தடுப்பைக் கழற்றியிருந்தால் மீண்டும் பொருத்தச் சொல்லுங்கள்.

நான்கு வயதைக் கடந்த குழந்தைக்கும் தலைக்கவசம் கட்டாயம். அதற்கும் குறைந்த வயதுக் குழந்தையை ஏற்றிச் சென்றால் அதற்குரிய பாதுகாப்புப் பட்டையும் சிறிய கவசமும் அணிவித்து, 40 கிலோமீட்டர் வேகத்திற்கு மிகாமல் செல்ல வேண்டும் என்று 2022-இல் விதி வகுக்கப்பட்டது. பெட்ரோல் டாங்கின் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி மடியில் ஒரு பிள்ளை என்று பெருநாள் தொழுகைக்கு வருவதைக் காண்கிறேன். மகிழ்ச்சியான காட்சிதான். ஆயினும் என் நெஞ்சு படபடக்கிறது. அன்று இரண்டு நடையாக வாருங்கள். முடிந்தவர்கள் நடந்தே வாருங்கள். அதற்கும் நன்மை உண்டு.

ஒரு வண்டியில் இருவருக்கு மேல் செல்வது குற்றம். மூவராகச் சென்றாலும் தலைக்கவசம் அணியாவிட்டாலும் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாதம் உரிமத் தடையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ரமளானில் தராவீஹ் முடிந்து சஹர் வரை மூன்று பேராக வண்டியில் சுற்றும் பிள்ளைகளே, கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் செருகிக்கொண்டு ஓட்டும் பிள்ளைகளே, சைலன்சரைக் கழற்றிவிட்டு உறங்குவோரை எழுப்பும் பிள்ளைகளே! பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று ஓதியிருக்கிறீர்கள். நாமே பாதைக்குத் தொல்லையாகிவிட்டால் அந்த ஈமானின் நிலை என்ன?

காப்பீடும், விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியதும்

மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். காப்பீட்டைப் பற்றி உலமாக்களிடையே விவாதம் உண்டு என்பதை அறிவேன். எனினும் அரசு கட்டாயமாக்கிய இந்தக் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டவர் ஒருவர் மீது மோதிவிட்டால், பாதிக்கப்பட்ட குடும்பத்தின் ஹக்கு என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

சாலையில் யாரேனும் அடிபட்டுக் கிடந்தால் படம் பிடிக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். பின்னால் வரும் வாகனங்களைத் தடுத்து நிறுத்துங்கள். கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்பதால் தூக்கி உட்காரவைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். மூச்சு தடைப்பட்டாலன்றித் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றாதீர்கள். இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். "போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டுமே" என்ற பயம் வேண்டாம். உதவுபவரைத் தொல்லைக்குள்ளாக்கக்கூடாது என்ற நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016-இல் உறுதி செய்தது. 2019 திருத்தத்தில் அது சட்டமாகவும் ஆனது. பெயரைச் சொல்லும்படியும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. பணத்துக்கு எங்கே போவது என்று தயங்கி ஒரு நிமிடத்தையும் இழக்க வேண்டாம்.

பெற்றோருக்கும் நிர்வாகத்திற்கும்

பெற்றோர்களே, பிள்ளை அடம் பிடிக்கிறான், சாப்பிட மறுக்கிறான் என்பதற்காக வண்டி வாங்கிக் கொடுக்காதீர்கள். வாங்கிக் கொடுத்தால் உரிமத்திற்குப் பிறகு கொடுங்கள். தலைக்கவசம் ஆணியில் தொங்குகிறதா, தலையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள். நீங்கள் அணியாமல் பிள்ளையை அணியச் சொன்னால் அவன் கேட்கமாட்டான். நிக்காஹ்வில் மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் கேட்கும் வழக்கத்தையும் இந்த இடத்தில் கண்டிக்கிறேன். பெண் வீட்டாரைக் கசக்கி வாங்கிய வண்டியில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது?

நிர்வாகத்தாரிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, பள்ளிவாசலின் வாசலில் தலைக்கவசங்களை வைக்க ஓர் அலமாரி அமைத்துத் தாருங்கள். வைக்க இடமில்லை என்பதும் பலர் அணியாமல் வருவதற்கு ஒரு காரணமாக இருக்கிறது. இரண்டாவது, பழகுநர் உரிமத்திற்கு விண்ணப்பிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்ப உதவ, படித்த வாலிபர் இருவரை நியமியுங்கள். மூன்றாவது, உரிமம் பெற்று வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஜமாஅத்தின் சார்பில் ஒரு நல்ல தலைக்கவசத்தை அன்பளிப்பாகக் கொடுங்கள். முதல் மூன்று கவசங்களுக்குரிய தொகையை என் பங்காக நான் தருகிறேன்.

பிள்ளைகளே, உங்களைப் பயமுறுத்துவதற்காக நான் பேசவில்லை. வண்டி நல்ல நிஃமத். வேலைக்குச் செல்லவும், நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும், உறவினரைச் சந்திக்கவும், ஃபஜ்ருக்கு ஜமாஅத்தோடு வந்து சேரவும் அது உதவுகிறது. அந்த நிஃமத்துக்கு நன்றி செலுத்தும் முறை, அதைப் பொறுப்போடு நடத்துவதுதான். உங்கள் நிக்காஹ்வை நான் ஓதிவைக்க வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கும் அலிஃப், பே சொல்லிக் கொடுக்க வேண்டும். இளம் பிள்ளையின் மய்யித்தைக் குளிப்பாட்டும் வேலையை என்னிடம் மறுபடியும் கொடுத்துவிடாதீர்கள்.

நம் மஹல்லாவின் ஒவ்வொரு வாலிபரும் காலையில் புறப்பட்டு மாலையில் நலமாக வீடு திரும்பவும், நம்மால் பிறருக்கோ பிறரால் நமக்கோ தீங்கு நேராமல் இருக்கவும், இறந்துபோன நம் பிள்ளைகளின் கப்ருகள் ஒளிமயமாகவும், அவர்களுடைய பெற்றோருக்கு அழகிய பொறுமை கிடைக்கவும் வல்ல ரஹ்மான் அருள் புரிவானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.